வரவுக்கு முன்னே வந்த மஞ்சள் பெட்டி

பிஸ்கட் தகரம் ஒன்றுக்குள் பதினொரு இறுவட்டுகள். ஒவ்வொன்றையும் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி, மேலே மார்க்கர் பேனையால் கூத்தின் பெயரும் ‘தட்டு 1’, ‘தட்டு 2’ என்றும் எழுதியிருந்தது. மாமா அதை என் மேசையில் வைத்துவிட்டு, “இதைப் போட்டுப் பாக்கிற மாதிரி ஒரு சாமான் செய்து தா மனே. எங்கட வாசிகசாலைக்கு” என்றார்.

“ரீவியும் டிவிடி பிளேயரும் இருக்குத்தானே மாமா?”

“பிளேயர் செத்துப் போயிற்று. அது உயிரோட இருந்த காலத்திலயும் எந்தப் பேரில நிக்குது எண்டு ஒருத்தருக்கும் விளங்கல்ல.”

மாமாவின் ஊர் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம். நான் வாவிக்கு இந்தப் பக்கம், கல்லடியில் இருக்கிறேன். தகரத்தில் இருந்தவை 2011, 2012 ஆண்டுகளில் பதிந்த, வடமோடிப் பாணியிலான மூன்று கூத்துகள். மண்முனைப் பாலம் 2014இல்தான் திறந்தது. அதற்கு முன் கமெராக்காரர்கள் ஜெனரேட்டரையும் தூக்கிக்கொண்டு ‘பாதை’ என்ற மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்து போய் எடுத்தவை இவை. மத்தளத்துக்கும் சல்லரிக்கும் பின்னால் அந்த ஜெனரேட்டரும் விடியும்வரை சேர்ந்து வாசிக்கிறது. ஒரு தட்டில் இரண்டு மணிநேரம். இரவு முழுக்க ஆடிய கூத்து என்றால் நான்கு தட்டு வேண்டும்.

மாமா சொன்ன குறை என்னவென்று முதல் தட்டைப் போட்டதுமே புரிந்தது. ஸ்டூடியோக்காரர் அழகாக ஒரு மெனு செய்திருக்கிறார்: கட்டியகாரன் வரவு, தருமர் வரவு, வீமன் வரவு, துரியோதனன் வரவு என்று ஆறு பெயர்கள். வரவு என்றால் பாத்திரம் ஆடிக்கொண்டு களரிக்கு வருவது. தேர்ந்தெடுத்த பெயரின் கீழே மெல்லிய வெளிர்மஞ்சள் கோடு ஒன்று விழும். பின்னணியோ கோயில் வீதியின் மின்விளக்கு அலங்காரம், அதுவும் மஞ்சள். எட்டடி தூரத்தில் பாயில் இருக்கிற எழுபது வயதுக் கண்ணுக்கு அந்தக் கோடு தெரியவே தெரியாது.

விஎல்சி பிளேயரைப் போட்டிருந்தால் ஒரு மணிநேரத்தில் வேலை முடிந்திருக்கும். ஆனால் அதுவும் அந்தக் கோட்டைத்தான் காட்டும். எனக்குத் தேவை தேர்ந்தெடுத்த பெயரைச் சுற்றித் தடித்த ஒரு பெட்டி, அம்புக்குறி நான்கும் ‘சரி’யும் உள்ள ஐந்து பொத்தான், கரண்ட் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து ஓடுவது. அதனால் நானே எழுதுவது என்று இறங்கினேன். நான்கு சனி ஞாயிறு போயிற்று.

சாமான் பெரிதாக ஒன்றும் இல்லை. வீட்டில் சும்மா கிடந்த ‘ராஸ்பெரி பை 3’ என்ற குட்டிக் கணினி, யூஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்று, பழைய கேம் மெஷினில் கழற்றிய பொத்தான்கள். டிரைவை நேராக அந்த ‘பை’யில் குத்தினால் தட்டு சுழலத் தொடங்கும்போதே டிக் டிக் என்று அடித்துவிட்டு நின்றுவிடும், அவ்வளவு மின்சாரம் அந்தப் போர்ட்டால் கொடுக்க முடியாது. தனி அடாப்டர் உள்ள ஹப் ஒன்றை இடையில் வைத்ததும் சரி. தட்டுகளை முதலில், பழுதான தட்டையும் விடாமல் வாசிக்கப் பார்க்கும் டிடிரெஸ்க்யூ என்ற நிரலால் நகல் எடுத்தேன். இரண்டில் பூஞ்சை பிடித்திருந்தது. ஒன்று இரவு முழுக்க ஓடி, கடைசியில் சில நூறு செக்டரை மட்டும் விட்டுக்கொடுத்தது. பெட்டிக்குள் நகல்களும் இருக்கின்றன. ஆனாலும் தட்டைக் கையால் போட்டுப் பார்க்கத்தான் வாசிகசாலையில் எல்லோருக்கும் விருப்பம்.

இனி மென்பொருள். டிவிடி ஒன்றுக்குள் இருப்பது வெறும் வீடியோ மட்டும் அல்ல. அதற்குள் ஒரு குட்டி இயந்திரத்துக்கான கட்டளைகளும் இருக்கின்றன: இந்தப் பொத்தானை அழுத்தினால் அங்கே போ, இந்த அத்தியாயம் முடிந்தால் மெனுவுக்குத் திரும்பு என்பது போல. ஒவ்வொரு கட்டளையும் எட்டு பைட். அந்த இயந்திரத்தை நடித்துக் காட்டுவதுதான் லிப்டிவிடிநேவ் என்ற லைப்ரரியின், அதாவது வேறு நிரல்கள் கூப்பிட்டுப் பயன்படுத்தும் நிரல் தொகுதியின், வேலை. சுவீடனில் சால்மர்ஸ் பல்கலைக்கழக மாணவர்கள் எழுதிய ஓகிள் என்ற பிளேயரின் நிரலிலிருந்து பிறந்து, சைன் பிளேயர்காரர்கள் கையில் வளர்ந்து, இப்போது விடியோலான் திட்டத்தின் கீழ் இருக்கிறது. வீட்டு ஸ்டூடியோ எரித்த தட்டுகளில் பூட்டுக் குறியாக்கம் எதுவும் கிடையாது என்பதால் அந்தத் தலையிடி எனக்கு இல்லை.

லைப்ரரியோடு பேசும் முறை ரொம்ப எளிமை. ‘அடுத்த துண்டைத் தா’ என்று ஒரே செயற்கூற்றைத் திரும்பத் திரும்பக் கூப்பிட வேண்டும். ஒவ்வொரு தடவையும் 2048 பைட் அளவுள்ள ஒரு பஃபரும், கூடவே ஒரு எண்ணும் வரும். எண் 0 என்றால் பஃபரில் இருப்பது வீடியோத் தரவு, அதைப் படமாக்கும் டிகோடருக்கு அனுப்பு. வேறு எண் என்றால் அது ஒரு நிகழ்வு: ஒலித்தடம் மாறியது, செல் (தட்டில் வீடியோவைப் பிரித்து வைத்த ஒரு பகுதி) மாறியது, பொத்தான் மாறியது, படம் நிற்க வேண்டும், தட்டு முடிந்தது. தனியாகக் கால்பேக் எதுவும் இல்லை, தரவு வருகிற அதே வாசலால்தான் செய்தியும் வருகிறது. எந்த எண் வந்தால் என்ன செய்வது என்று பிரிக்கும் ‘ஸ்விட்ச்’ ஒன்றை நிரலில் எழுதி, உள்ளே பதின்மூன்று கேஸ் போட்டால் முடிந்தது என்று நினைத்தேன்.

மூலநிரலோடு மெனுவுக்கென்று எடுத்துக்காட்டு நிரல் ஒன்று வருகிறது. அதை அப்படியே நகலெடுத்து ஆரம்பித்ததுதான் நான் செய்த முதல் மடத்தனம்.

மெனு வந்தது. ஆனால் உடனே போயும்விட்டது. படம் தானாக ஓடத் தொடங்கியது. காரணம் ‘ஸ்டில்’ நிகழ்வு. மெனு போன்ற இடங்களில் ‘இந்தப் படத்தை இத்தனை விநாடி நிறுத்தி வை’ என்று தட்டு சொல்லும். எண் 255 என்றால் ஆள் வந்து பொத்தானை அழுத்தும்வரை நிறுத்தி வை என்று பொருள். எடுத்துக்காட்டு நிரலில் அந்த நிகழ்வு வந்ததுமே ‘தாண்டு’ என்று எழுதியிருக்கிறது. அது தட்டைச் சரசரவென்று வாசித்து என்னென்ன நிகழ்வு வருகிறது என்று அச்சிட்டுக் காட்டுகிற நிரல், திரையில் எதையும் காட்டாது. அதற்குத் தாண்டுவது சரி.

சரி, தாண்டாமல் விட்டால்? நாம் தாண்டும்வரை லைப்ரரி அதே நிகழ்வையே திரும்பத் திரும்பத் தரும். என் சுற்று ஒரு நொடி ஓய்வில்லாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. மெனு அசையாமல் நின்றது, ராஸ்பெரி பை மட்டும் தோசைக்கல் மாதிரிச் சுட்டது. ஸ்டில் வந்தால் எத்தனை மணிக்கு வந்தது என்று குறித்துவைத்து, பத்து மில்லிவிநாடி தூங்கி, பொத்தான் அழுத்தம் ஏதும் உண்டா என்று பார்த்து, நேரம் முடிந்தால் மட்டும் தாண்டுகிற மாதிரி எழுதினேன். சூடு இறங்கியது.

அடுத்த கோளாறைக் கண்டுபிடித்தவர் கூத்தைப் பழக்கி ஆட்டுவிக்கும் அண்ணாவியார். எழுபது தாண்டியவர், பதிவில் மத்தளத்தோடு நிற்பதும் அவரேதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியை வாசிகசாலைக்குக் கொண்டு போய்ப் பூட்டிக் காட்டினேன். கட்டியகாரன் வரவு ஓடி முடிந்து மெனு வந்தது. எல்லோரும் நல்லா இருக்கு என்றார்கள். அவர் மட்டும் தலையை ஆட்டினார்.

“கடைசித் தாளக்கட்டு எங்க தம்பி?”

“வந்ததே அண்ணாவியார்.”

“வரல்ல. நான் அடிச்சது எனக்குத் தெரியாதா? அறுத்துப்போட்டாய். மறுகா போடு, கேளு.”

மறுபடி போட்டேன். அவர் தொடையில் தட்டிக்கொண்டே வந்தார். திரையில் மெனு வந்த பிறகும் அவர் கை இன்னும் மூன்று விநாடி தட்டி, அப்புறம் நின்றது. சரியாக மூன்று விநாடி.

அந்த மூன்று என்ற எண்ணைக் கேட்டதும் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. தட்டு திக்காமல் ஓடட்டும் என்று வாசிக்கும் வேலையையும் காட்டும் வேலையையும் இரண்டு இழைகளாகப் பிரித்து, நடுவில் 1024 துண்டுகள் கொள்ளும் ஒரு வரிசை வைத்திருந்தேன். 1024 தரம் 2048 பைட் என்றால் 2 மெகாபைட். இரண்டு மணிநேரம் 4.7 ஜிகாபைட்டில் அடங்குகிற வேகத்தில் கணக்குப் பார்த்தால் அது மூன்று விநாடிக்குச் சற்றுக் கூட. அதாவது லைப்ரரி எப்போதும் திரைக்கு மூன்று விநாடி முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. அது ‘அத்தியாயம் முடிந்தது’ என்று சொல்லும் நேரத்தில் திரையில் அத்தியாயம் முடியவில்லை, அண்ணாவியார் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறார்.

இதற்காகவே ‘வெயிட்’ என்று ஒரு நிகழ்வு இருக்கிறது. நேரம் பிசகக்கூடாத சில இடங்களில் இயந்திரம் நின்று, உன் வரிசையில் இருப்பதை எல்லாம் காட்டி முடித்துவிட்டுச் சொல், அதன் பிறகு போகிறேன் என்கிறது. எடுத்துக்காட்டு நிரல் இதையும் உடனே தாண்டுகிறது. நானும் தாண்டினேன். பின்னால் வந்த, தட்டில் படத்திலிருந்து மெனுவுக்கு என்று பகுதி மாறுவதைச் சொல்லும் ‘விடிஎஸ் மாற்றம்’ நிகழ்வில் டிகோடரைச் சுத்தமாகக் காலி செய்து புதிதாகத் தொடங்கினேன். காலி செய்ததில் போனதுதான் தாளக்கட்டு. வெட்கம் என்னவென்றால், எடுத்துக்காட்டு நிரலில் அந்த வரிக்கு மேலேயே குறிப்பு இருக்கிறது: வரிசை வைத்திருக்கிற பிளேயர்கள் அது காலியாகும்வரை காத்திருக்க வேண்டும், லைப்ரரி வரிசையின் நீளமளவு முன்னால் நிற்கிறது என்று. நிரலை நகலெடுத்தவன் குறிப்பைப் படிக்கவில்லை.

இதற்கு நேர்மாறான நிகழ்வு ஒன்றும் உண்டு, ‘ஹொப்’. ஆள் பொத்தானை அழுத்தி நடுவில் பாய்ந்தால் அது வரும். அப்போது வரிசையில் இருப்பதைத் தயங்காமல் கொட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் பொத்தானை அழுத்திய பிறகும் மூன்று விநாடி பழைய படமே ஓடும், அழுத்தியவர் இன்னும் இரண்டு தரம் அழுத்துவார். வெயிட் என்றால் ஓடி முடியட்டும் என்று விடுவது, ஹொப் என்றால் ஊற்றிவிடுவது. இரண்டையும் மாற்றிப் போட்டு ஒரு பின்னேரம் முழுக்கத் திண்டாடினேன், அதை விரிவாக எழுத வெட்கமாக இருக்கிறது.

இவ்வளவும் தெரிந்த பிறகாவது விளங்கியிருக்க வேண்டும். இல்லை. மஞ்சள் பெட்டி வந்துதான் விளங்கியது.

‘ஹைலைட்’ நிகழ்வு வந்தால் தேர்ந்தெடுத்த பொத்தானின் எண் கிடைக்கும், அதன் நான்கு மூலைக் கணக்கை லைப்ரரியிடம் கேட்டு வாங்கலாம். அந்தக் கணக்கு 720க்கு 576 என்ற சட்டத்தில் இருக்கும், அதை ரீவியின் அகலத்துக்கு இழுத்துக்கொண்டால் போதும். நான் எட்டுப் புள்ளி தடிப்பில் மஞ்சள் பெட்டி ஒன்று வரைந்தேன், உள்ளே லேசான கறுப்பு நிழல். பாயில் இருந்து பார்த்தாலும் பளிச்சென்று தெரிந்தது. மாமாவுக்குச் சந்தோஷம்.

ஆனால் ஸ்டூடியோக்காரர் மெனுவுக்கு முன்னால் ஒரு அலங்காரம் வைத்திருந்தார். கோயில் கோபுரம் தூரத்திலிருந்து மெல்ல மெல்ல நெருங்கி வரும், பூக்கள் விழும், பிறகுதான் பெயர்ப் பட்டியல். இப்போது என்ன நடந்தது என்றால், கோபுரம் பாதி வழியில் வரும்போதே ஒன்றுமில்லாத இடத்தில் என் மஞ்சள் பெட்டி வந்து உட்கார்ந்துகொண்டது. பட்டியல் மூன்று விநாடி கழித்து ஆடி அசைந்து வந்து அதற்குள் பொருந்தியது. கூத்தில் ஆள் வருவதற்கு முன் கொலுவில் கிரீடம் மட்டும் வந்து இருந்ததைப் போல. போதாக்குறைக்கு, அந்த மூன்று விநாடிக்குள் யாராவது பொறுமையில்லாமல் ‘சரி’யை அழுத்தினால் பட்டியலைக் காணாமலே கட்டியகாரன் வந்துவிடுவான். “என்ன மனே, நான் ஒண்டும் கேக்கவே இல்லையே” என்றார் மாமா.

கோபுரமும் பட்டியலும் அந்தத் தட்டில் அடுத்தடுத்த இரண்டு செல்கள். நடுவில் வெயிட் எதுவும் வரவில்லை. எனவே காத்திருந்து சமாளிக்கும் வழி இங்கே கிடையாது.

உள்ளே நடப்பது இது. வீடியோத் தரவுக்கு இடையிடையே, அரை விநாடிக்கோ ஒரு விநாடிக்கோ ஒரு தடவை, ‘நேவ் பாக்கெட்’ என்று ஒரு துண்டு வரும். அதில் பிசிஐ என்ற பகுதியில்தான் அந்தக் கணத்துக்கான பொத்தான்களின் முழு விவரமும் இருக்கிறது: எத்தனை பொத்தான், எது எங்கே, மேலே அழுத்தினால் எதற்குப் போவது, ‘சரி’ அழுத்தினால் என்ன கட்டளை. பொத்தானை நகர்த்தும் செயற்கூறுகள் எல்லாம் இந்தப் பிசிஐயை நம்மிடம் கேட்டு வாங்கும். நான் சோம்பலில் ‘இப்போதைய பிசிஐயைத் தா’ என்று லைப்ரரியிடமே கேட்டு, அதையே திருப்பி அதனிடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். லைப்ரரியின் ‘இப்போது’ அது கடைசியாக வாசித்த இடம். ஆளின் ‘இப்போது’ திரையில் தெரிகிற இடம். லைப்ரரிக்குத் திரை என்ற ஒன்று இருப்பதே தெரியாது. எனக்கு வந்த கோளாறில் முக்கால்வாசியும் இந்த இரண்டு ‘இப்போது’வையும் ஒன்றென்று எடுத்துக்கொண்டதால் வந்தவைதான்.

அதனால்தான் அந்தச் செயற்கூறுகள் பிசிஐயை நம்மிடம் கேட்கின்றன என்பதும் அப்போதுதான் உறைத்தது. திரையில் என்ன இருக்கிறது என்று நமக்குத்தானே தெரியும்.

திருத்தம் நாற்பது வரிக்குள் முடிந்தது. நேவ் பாக்கெட் வந்தால் அதைப் படி எடுத்து, வீடியோத் துண்டுகள் போகும் அதே வரிசையில் போட்டேன். ஒவ்வொன்றிலும் அது எந்தக் கணத்தில் தொடங்குகிறது என்ற எண் இருக்கிறது. டிவிடி நேரத்தை விநாடிக்கு 90,000 துடிப்பாக எண்ணுகிறது. காட்டும் இழையின் கடிகாரம் அந்த எண்ணைத் தொடும்போது மட்டும் அந்தப் பாக்கெட் ‘நடப்பு’ ஆகும். அம்புக்குறியோ ‘சரி’யோ அழுத்தினால் அந்த நடப்புப் பிசிஐதான் லைப்ரரிக்குப் போகும். அதில் பொத்தான் எண்ணிக்கை 0 என்றால் அழுத்தத்தைக் காதில் போட்டுக்கொள்வதில்லை, பெட்டியும் வரைவதில்லை. பெட்டியின் மூலைகளையும் இந்தப் பிசிஐயிலிருந்தே எடுத்தேன். ஹைலைட் நிகழ்வு இப்போது எனக்கு ‘பொத்தான் எண் மாறியது’ என்ற தகவல் மட்டும்தான். படி எடுக்காமல் சுட்டியை மட்டும் வைத்திருந்தால் லைப்ரரி அடுத்த பாக்கெட்டை அதன்மேல் எழுதிவிடும், அதையும் ஒருமுறை செய்து பார்த்துவிட்டேன்.

கோபுரம் வந்தது, பூ விழுந்தது, பட்டியலும் பெட்டியும் ஒன்றாக வந்தன.

நிறத்தில் ஒரு சின்ன வேலை. மெனு எழுத்துகளுக்கான பதினாறு நிறங்களை ஒரு நிகழ்வு தருகிறது. அது சிவப்பு, பச்சை, நீலம் என்று வருவதில்லை, ஒளிர்வும் நிறவேறுபாடுமாக வருகிறது. மாற்றாமல் போட்டதில் தருமர் பச்சையாக நின்றார். மாற்றினேன்.

கரண்ட் போனால் திரும்பத் தொடரும் ஏற்பாட்டைச் செல் மாற்ற நிகழ்வில் வைத்தேன், இடம் மாறும்போதெல்லாம் மெமரி அட்டையில் எழுதிக்கொள்ளலாம் என்று. ஆனால் இந்தத் தட்டுகளில் ஒரு வரவு முழுக்க ஒரே செல், இருபது நிமிடம். பத்தொன்பதாவது நிமிடத்தில் கரண்ட் போனால் முதலிலிருந்து பார்க்க வேண்டியதுதான். ஆகவே முப்பது விநாடிக்கு ஒரு தடவை தலைப்பு, அத்தியாயம், துண்டின் இலக்கம் மூன்றையும் எழுதுகிறேன். இங்கேயும் அதே வலை: லைப்ரரியிடம் இடத்தைக் கேட்டால் மூன்று விநாடி முன்னால் சொல்லும். இந்த முறை விழவில்லை, வரிசையில் இருக்கும் துண்டுகளைக் கழித்துவிட்டுத்தான் எழுதினேன். எந்தத் தட்டு என்று கண்டுபிடிப்பதுதான் எதிர்பாராத தொல்லை, பதினொன்றுக்கும் ஸ்டூடியோக்காரர் ஒரே பெயரையே வைத்திருந்தார். லிப்டிவிடிரீட் என்ற துணை லைப்ரரி தட்டின் மெனு, அத்தியாய விவரங்கள் உள்ள ஐஎஃப்ஓ கோப்புகளைக் கூட்டி ஓர் அடையாள எண் தருகிறது, அதைப் பிடித்துக்கொண்டேன்.

போன சனிக்கிழமை பெட்டியை வாசிகசாலையில் நிரந்தரமாகப் பூட்டினேன். பொத்தான்களுக்கு மேல் மாமா தன் கையால் எழுதி ஒட்டிய தாள்கள். அண்ணாவியார் முதல் தட்டைப் போட்டு, கட்டியகாரன் வரவைக் கடைசித் தாளக்கட்டுவரை கேட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்த தட்டை எடுத்தார். எனக்கு அதுவே போதும்.

அடுத்த தட்டில்தான் சிக்கல். பட்டியலில் தருமர் வரவைச் சுற்றி மஞ்சள் பெட்டி சரியாக நின்றது. ‘சரி’ அழுத்தினார். துரியோதனன் ஆடிக்கொண்டு வந்தான். திரும்பி மெனுவுக்குப் போய் மறுபடி அழுத்தினார், மறுபடியும் துரியோதனன். எனக்கு வயிறு கலங்கியது. மடிகணினியைத் திறந்து அந்தப் பொத்தானின் எட்டு பைட் கட்டளையை அச்சிட்டுப் பார்த்தேன். என் நிரலில் பிழை இல்லை. கட்டளையே துரியோதனனின் அத்தியாயத்துக்குத்தான் போகிறது. தட்டு எரித்த அன்றே ஸ்டூடியோவில் யாரோ மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். பன்னிரண்டு பதின்மூன்று வருடமாக அந்தத் தட்டில் தருமருக்கு வாசல் இல்லை.

“இதை நான் என்ர நிரலுக்குள்ள மாத்திவிடலாம் மாமா. இந்தத் தட்டு வந்தா மட்டும் தருமரை...”

“விடு மனே” என்றார் மாமா. “அவன் எப்ப தருமருக்கு இடம் குடுத்தவன்?”